பளபளக்கும் பக்கம்

இனியா ஆரணியிலிருந்து கொண்டுவந்த சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டேன். அது சுற்றியது, உறுமியது, நின்றது. திரையில் ஒன்றும் வரவில்லை.

வெளியே எடுத்துப் பார்த்தேன். பளபளக்கும் பக்கத்தில் பெரிய சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். நன்றாகக் காய்ந்திருந்தது.

"சார், இது..."

"நேத்து இனியா குடுத்தத காலைல அம்மன் பாதத்துல வெச்சு எடுத்தாந்தேன்மா," என்றார் எங்கள் துறைத்தலைவர் முருகையன் சார். "அந்தப் பக்கம் பேரெல்லாம் எழுதியிருக்கு. எழுத்து மேல வெக்கக் கூடாதுன்னுதான் வெறும் பக்கத்துல வெச்சேன்."

அந்த வெறும் பக்கம் வழியாகத்தான் பாடத்தைக் கம்ப்யூட்டர் படிக்கும். நான் சொன்னதும் சாரின் முகம் மாறியது. இனியா என் கையிலிருந்த சிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தமிழில் வேதியியல் பாடங்களைக் கம்ப்யூட்டரில் செய்வதற்கு அந்த வருடம், 2004இல், ஒரு சிறிய நிதி கிடைத்திருந்தது. தனியாக ஒரு கல்லூரிக்குத் தர மாட்டார்கள். இரண்டு கல்லூரிகள் சேர்ந்து செய்ய வேண்டும். திருவண்ணாமலையில் நாங்கள் பாதி, ஆரணியில் ஒரு கல்லூரி பாதி. அந்தப் பாதியைச் செய்தவள் இனியா ஒருத்திதான். அவளுடைய ஹார்ட் டிஸ்க் போன வாரம் கெட்டுவிட்டது. அதற்கு முன்பே பதிந்துவைத்த இந்தச் சிடி மட்டும்தான் மிச்சம். இன்றைக்குப் பார்வையிட வரும் நிதிக்குழுவிடம் காட்டாவிட்டால் ஆரணியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். அவளுடைய வேலையும் போய்விடும்.

துடைக்கலாம் என்று நினைப்பதற்குள் நிதிக்குழுவின் சரோஜா மேடம் உள்ளே வந்துவிட்டார். எங்கள் பாதியைப் பார்த்தார். தலையசைத்தார்.

"ஆரணி எங்க?"

சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அவங்க பக்கம் கொஞ்சம் வீக்குங்க மேடம். சிடி குடுத்தாங்க, ஓப்பன் ஆவல."

"நேத்து கூட ஓடுச்சு மேடம்," என்றாள் இனியா.

"போன வாரம் ஒரு காலேஜ்ல கரண்ட் மேல பழி போட்டாங்க. இங்க சிடி மேலயா?" மேடம் பேனாவைத் திறந்தார். "முடிக்கலைன்னு எழுதிக்கறேன்."

சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் தற்காலிக விரிவுரையாளர். அடுத்த பருவத்துக்கு என்னை வைத்துக்கொள்வது அவர் விருப்பம்.

"கொஞ்சம் டைம் குடுங்க மேடம்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"டீ குடிச்சு முடிக்கறவரைக்கும்," என்றார் மேடம்.

பக்கத்து ஆய்வகத்துக்கு ஓடினேன். சிடியைத் தண்ணீரில் நனைத்தேன். சந்தனம் ஊற வேண்டும். உடனே தேய்த்தால் கீறிவிடும். சார் அசிட்டோன் பாட்டிலோடு பின்னாலேயே வந்தார்.

"பியூரெட்டெல்லாம் இதாலதான அலசறோம். ஊத்துனா சட்னு போயிடும்."

"வேணாம் சார்."

"டீ முடியப்போவுது, நகரும்மா!"

பாட்டிலைச் சாய்த்தே விட்டார். நான் சிடியை இழுத்துக்கொண்டேன். அசிட்டோன் என் மணிக்கட்டில் சில்லென்று விழுந்தது.

"பியூரெட் கண்ணாடி சார். இது பிளாஸ்டிக். பால் மாதிரி வெளுத்துப்போயிடும்."

சார் பாட்டிலைக் கீழே வைத்தார். "எந்த மெஷின் வந்தாலும் பூஜை போட்டுதாம்மா ஆரம்பிப்பேன்," என்றார் மெல்ல. "சிடிக்குப் பொட்டு வெச்சேன்னு சொன்னா அந்தம்மா சிரிக்கும்."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க சார்," என்றாள் வாசலில் நின்ற இனியா. "எனக்கு வேலையே போவுது."

சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. சிவப்பு போனது. மஞ்சள் நிழல் ஒன்று போகவே இல்லை.

திரும்பி வந்தபோது மேடத்தின் டம்ளர் காலியாக இருந்தது. சிடியைப் போட்டேன். உறுமியது, நின்றது. எடுத்து மறுபடி போட்டேன். மேடம் எழுந்துவிட்டார்.

"மேடம், இது ஓடலைன்னாலும் ஆரணி மேல தப்பு இல்ல," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "சிடி நல்லாதான் வந்துச்சு. பூஜையில வெச்சு, பின்பக்கம் பொட்டு வெச்சிட்டோம். நாங்கதான்."

"பொட்டா? சிடிக்கா?"

மேடம் சிரித்தார். அடக்க முயன்று, முடியாமல், உட்கார்ந்து சிரித்தார். சாரின் காது சிவந்தது.

"நான்தாங்க மேடம் வெச்சேன்," என்றார்.

அப்போது சிடி சுற்றும் சத்தம் சீரானது. திரையில் மீத்தேன் மூலக்கூறு மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது. கீழே இனியா எழுதிய தமிழ் வரிகள். முதல் பாடம் ஓடியது. இரண்டாவதும் ஓடியது. மூன்றாவது பாதியில் உறைந்து நின்றது.

"மூணாவத மறுபடி செஞ்சு அனுப்பும்மா," என்றார் மேடம். எழுதியிருந்த வரியை அடித்தார். "இந்த மூலக்கூறு எப்படித் திரும்புது? யார் செஞ்சது?"

சார் மேடத்துக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நீ வந்து உக்காரு இனியா," என்றார். "உன் பாடம். நீயே சொல்லு."