வெள்ளிக்கிழமைக் குளிசை

பாக்கியலெட்சுமி எதைத் தொடங்கினாலும் வெள்ளிக்கிழமையில்தான் தொடங்குவாள். புதுச் சேலையை முதன்முதலாக உடுப்பதும், கோழியை அடைவைப்பதும், மகள் விதுஷாவின் கொப்பிகளுக்கு உறை போடுவதும் அந்த நாளில்தான். தெமோதரைக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டத்தில் இருபத்து மூன்று வருடம் கொழுந்து பறித்தவள் அவள். காலைப் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடுமுன்பே கூடையோடு நிற்பாள். பக்கத்து நிரையில் எவளேனும் சோம்பினால் வாயாலேயே விரட்டுவாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அக்குரல் சற்றுத் தணிந்திருக்கும். அன்று அவளுக்கு விரதம். மாரியம்மன் கோவிலில் மாலைப் பூசை முடியும்வரை, சீனியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் பாலில்லாத பிளேன்டீயைத் தவிர வேறெதுவும் அவள் வயிற்றில் இறங்காது.

சென்ற ஆண்டு அவளுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. கொழும்பில் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை செய்தார்கள். அவளுக்கு வேண்டிய மூலக்கலங்களைத் தன் இரத்தத்திலிருந்து கொடுத்தவன் தம்பி ஜெயகுமார். வெலிமடையிலிருந்து லீக்ஸும் கரட்டுமாக மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறியின் சாரதி அவன்.

"இனிமே ஒனக்கு மீசை முளைக்கும் பாருக்கா" என்றான், சிகிச்சை முடிந்த அன்று.

"முளைச்சா முளைக்கட்டும். ஒனக்குத்தான் இன்னும் ஒழுங்கா முளைக்கல" என்றாள் அவள்.

சிகிச்சை முடிந்த மூன்றாம் மாதத்தில் அவளுடைய தோல் சிவந்து தடித்தது. புதிதாக வந்த கலங்கள் சில வேளைகளில் பழைய உடம்பை அந்நியமென்று எண்ணித் தாக்குவதுண்டு என்று வைத்தியர்கள் விளக்கினார்கள். மருந்தால் அது அடங்கிவிட்டது. "சின்ன வயசுல வெளியில இருந்து கடிச்சான். இப்ப உள்ளுக்குப் போய்க் கடிக்கிறான்" என்று பாக்கியலெட்சுமி லயத்து வீடு வீடாகச் சொல்லிச் சிரித்தாள். ஜெயகுமார் மட்டும் அதற்குச் சிரிக்கவில்லை.

வெயில் பட்டால் தோலின் கோளாறு மறுபடியும் தலைகாட்டலாம் என்பதால், வெயிலிலேயே காய்ந்து பழகியவள் குடையும் நீளக் கைச்சட்டையுமாக நடமாட வேண்டியதாயிற்று. வெயிலில்லாமற்போகவே உடம்பில் வைட்டமின் டி குறைந்தது. அதற்காக வாரம் ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார்கள். எந்தக் கிழமையில் விழுங்க வேண்டுமென்று எவரும் சொல்லவில்லை. பாக்கியலெட்சுமிக்கு அதில் ஐயமும் எழவில்லை. வெள்ளிதோறும் விடியற்காலையில் குளித்து, அம்மன் படத்தின்முன் விளக்கேற்றி, திருநீறு பூசி, அந்தக் குளிசையைப் பிளேன்டீயோடு விழுங்கிவிடுவாள்.

பதினோராம் மாதம் பதுளையில் கிளினிக் நாள். டொக்டர் ஸனா இரத்தப் பரிசோதனைத் தாளை இருமுறை பார்த்தார்.

"வைட்டமின் டி பன்னிரண்டுதான் இருக்கு. இருபதுக்கு மேல வேணும். மூணு மாசத்துக்கு முந்தி, குளிசை தொடங்கினப்பவும் பன்னிரண்டு. குளிசை போடுறீங்கதானே?"

"ஒரு வெள்ளிக்கிழமகூடத் தவறலங்க டொக்டர். அம்மன் சத்தியமா."

"சாப்பாடெல்லாம் ஒழுங்கா?"

 விரதத்தைப் பற்றிச் சொன்னால் நிறுத்தச் சொல்லிவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். தன்னை எமனிடமிருந்து மீட்டது பாதி தம்பியின் இரத்தம், பாதி அந்த விரதம் என்பது அவளுடைய நம்பிக்கை.

"ஆமாங்க, ஒழுங்குதான்" என்றாள்.

"வயிறு எப்படி?"

"சனிக்கிழமையானாக் கொஞ்சம் இளகுதுங்க. மூணு நாலு தடவ போகும்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "இங்க பாருங்கம்மா. குளிசை உள்ள போயும் அளவு ஏறல்லன்னா, குடல் அதை உறிஞ்சல்லன்னு யோசிக்கணும். வயிறும் இளகுது. முந்தித் தோலைத் தாக்கின மாதிரி, தம்பியோட கலங்கள் இப்ப குடலைத் தாக்குதோ என்னமோ. கொழும்புக்கு அனுப்பிக் குழாய் விட்டுப் பார்க்கணும். அதுதான்னு தெரிஞ்சா, திரும்பவும் வார்ட்டுல இருக்க வேண்டி வரும்."

நாற்பத்தொரு நாள் அந்த வார்ட்டில் கிடந்தவள் பாக்கியலெட்சுமி. கண்ணாடிக்கு அப்பால் நின்று விதுஷா கையசைத்ததும், கண்ணைத் துடைக்கப் போன மகள் துடைக்காமல் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. 

வெளியே வந்ததும் ஜெயகுமார் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"ஏன்க்கா, வேற ஆள்கிட்ட வாங்கியிருக்கலாம். என்னோடதுதானே ஒன்னயப் போட்டு இந்தப் பாடு படுத்துது."

"போடா, பெரிய புலி இவரு. போய் மருந்த வாங்கு."

கூட்டத்தில் நிற்கக்கூடாது என்பதால் அவளுடைய மருந்துகளை எப்போதும் அவன்தான் வாங்குவான். அன்று பாமசி வரிசையில் இருவரே நின்றார்கள். ஆகவே முகக்கவசத்தோடு யன்னலுக்கு அருகிலிருந்த வாங்குப் பலகையில் அவள் உட்கார்ந்தாள். மருந்து கொடுக்கும் றினாஸ், முன்னால் நின்ற ஒரு முதியவரிடம் அவள் விழுங்கும் அதே நிறக் குளிசையை நீட்டினான்.

"ஐயா, இது வாரத்துக்கு ஒண்ணு. வெறும் வயித்துல போட வேணாம். இது எண்ணெயில கரையிற சாமான். பகல் சோறு, பால்கறி, முட்டைன்னு நல்லாச் சாப்பிட்டுட்டுப் போடுங்க. அப்பதான் உடம்புல சேரும்."

பாக்கியலெட்சுமி எழுந்து நின்றுவிட்டாள்.

"டேய், இந்தத் தம்பி ஒங்கிட்டயும் இப்படிச் சொன்னிச்சா?"

ஜெயகுமார் தலையைச் சொறிந்தான். "சொல்லியிருக்கும். லொறிய ரோட்டுல நிப்பாட்டிட்டு வாறேன், பொலிஸ் வந்திருமேன்னு இருப்பேன். சாப்பாட்டுக்குப் பொறகுன்னு என்னமோ சொன்னிச்சு. யாருதான் சாப்பிடாம இருக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்."

"நான் இருக்கேன்டா! வெள்ளிக்கிழம நான் எங்கடா சாப்பிடுறேன்?"

றினாஸ் யன்னல்வழியே தலையை நீட்டினான். "ஒவ்வொரு மாசமும் சொன்னேன் அக்கா. அண்ணன் 'ஓக்கே பொஸ், ஓக்கே பொஸ்'ன்னுட்டு ஓடிருவாரு."

"ஓக்கே பொஸ்ஸா? வாடா வீட்டுக்கு."

ஆனால் அவள் வீட்டுக்குப் புறப்படவில்லை. சற்று நேரம் அந்த வாங்கருகே நின்றாள். உள்ளே போனால், டொக்டரிடம் பொய் சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டும், விரதமும் பறிபோகலாம். போகாவிட்டால் கொழும்பு வார்ட்டுக்குக் கடிதம் எழுதப்பட்டுவிடும். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு டொக்டரின் அறைக் கதவைத் தட்டினாள்.

"டொக்டர், சாப்பாடு ஒழுங்குன்னு நான் சொன்னது பொய்ங்க. வெள்ளிக்கிழம நான் விரதம். குளிசையையும் வெறும் பிளேன்டீயிலதான் போட்டேன்."

டொக்டர் ஸனா நிமிர்ந்து பார்த்தார். "மூணு மாசமும்?"

"மூணு மாசமும்."

"விரதம் எப்ப முடியும்?"

"பூசை முடிஞ்சாங்க. கோவில்ல உளுந்து வடை குடுப்பாங்க."

"எத்தனை வடை?"

பாக்கியலெட்சுமி கூரையைப் பார்த்தாள். வாசலில் நின்ற ஜெயகுமார், "ஆறு டொக்டர். எனக்குன்னு வாங்கின ரெண்டையும் சேத்தா எட்டு" என்றான்.

டொக்டர் முகக்கவசத்துக்குள்ளே சிரித்தது கண்களில் தெரிந்தது. "நாள் முழுக்கப் பட்டினி கிடந்துட்டு எட்டு வடை சாப்பிட்டா, சனிக்கிழமை யாருக்கும்தான் வயிறு இளகும்." பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "ஆனா இதுதான் காரணம்னு நான் இன்னும் நம்பல்ல. கொழும்பு டொக்டரோட பேசுறேன். அவரும் சரின்னா ஆறு வாரம் பார்ப்போம். குளிசையை ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டோட போடுங்க. வடை வேணாம். வயிறு திரும்பக் குழம்பினா அண்டைக்கே போன் எடுக்கணும். விரதத்தையும் ஒரு வருஷத்துக்கு விட்டா நல்லம். அது நீங்கதான் யோசிக்கணும்."

கொழும்பு வைத்தியரும் இசைந்தார். ஆறு வாரமும் ஞாயிறு பகல் ஜெயகுமார் தவறாமல் வந்து, அக்காவின் தட்டில் தேங்காய்ப்பால் ஊற்றிய பருப்பும், நன்றாக அவித்த முட்டையும் விழுந்ததா என்று அதிகாரியைப்போலப் பார்த்தான். பார்த்த கையோடு தானும் இரண்டு தட்டுச் சாப்பிட்டான். வடை நின்றது. விரதம் நிற்கவில்லை. சனிக்கிழமைகளில் வயிறு அமைதியாக இருந்தது. ஆயினும் பரிசோதனைக்கு முதல்நாள் பாக்கியலெட்சுமி விதுஷாவை நான்கு தடவை காரணமில்லாமல் கூப்பிட்டாள்.

"இருபத்தாறு" என்றார் டொக்டர் ஸனா, தாளை அவள்பக்கம் திருப்பி. "குடல் வேலை செய்யுது. கொழும்புப் பயணம் இல்ல."

ஜெயகுமார் மேசையில் தட்டினான். "நான் கடிக்கலக்கா! கேட்டியா, நான் கடிக்கல!"

"வாய மூடுடா, ஆஸ்பத்திரி" என்றாள் அவள். அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"ஒரு விஷயம் மட்டும்" என்றார் டொக்டர். "நிறை ஒரு கிலோ குறைஞ்சிருக்கு. புது இரத்தம் ஊறுற உடம்பு. அதுக்கு எல்லா நாளும் சாப்பாடு வேணும்."

லொறி பதுளையை விட்டுத் தெமோதரை வீதியில் ஏறியது. முன் இருக்கைவரை லீக்ஸ் மணத்தது. ஜெயகுமார் பாதி விளையாட்டாகவும் பாதி பயத்தோடும் பேசினான்.

"அக்கா, என் செல்லுக்குப் பட்டினி பழக்கமில்ல. வெள்ளிக்கிழமன்னா நான் பண்டாரவளையில கொத்து ரொட்டி சாப்பிடுற ஆளு. திடீர்னு பிளேன்டீய மட்டும் குடுத்தா அதுக்குக் கோவம் வராதா?"

 வளைவுக்கு வளைவு தேயிலை மலை திரும்பித் திரும்பி வந்தது. கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிய பெண்கள் நிரை நிரையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அம்மனுக்கும் தனக்கும் இடையிலிருந்த அத்தனை வருடக் கணக்கை அவள் மனத்துக்குள் புரட்டிப் பார்த்தாள். ஒரு வருடம் பொறுக்கமாட்டாதவளா அம்மன் என்று தோன்றியது.

"நாளைக்கு வெள்ளிக்கிழம" என்றான் ஜெயகுமார் மெதுவாக.

"தெரியும்டா" என்றாள் அவள். "நாளைக்குக் காலையில நான் சாப்பிடுவேன்."