பதாகை யார் கையில்

சந்தேகம் வந்துவிட்டால் வான்டாவுக்குச் சாப்பாடு இறங்காது. அந்த வாரம் பொரித்த உருளைக்கிழங்குகூடத் தட்டிலேயே ஆறிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நகரத்தோடு ஆட்டம்; பதாகையைக் காணவில்லை.

சுரங்கத்தை மூடியபோது ஊரில் மிஞ்சியது சேன்த்-பார்ப் கால்பந்து கிளப் ஒன்றுதான். கடைசி நாள் மேலே ஏறி வந்தவர்கள் வேலைச் சட்டைகளைக் கிழித்துத் தைத்த பதாகை அது. எதிரி கையில் சிக்கினால் ரசிகர் கூட்டத்தையே கலைத்துவிட வேண்டும் என்பது சட்டம். அதனால் ஒரே ஒருவர்தான் அதை ஒளித்து வைத்திருப்பார். யார் என்று தலைவி வான்டாவுக்கும் தெரியக் கூடாது. ஆட்ட நாளில் மைதானத்தின் கதவு திறக்கும் முன் அது அதன் இடத்தில் கிடக்கும்.

அதற்கு முந்தின வாரம் ரசிகர் கூட்டத்து ஃபிர்மேனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. பதாகையை வைத்திருந்தவர் அவர்தான் என்பது, அவர் மனைவி பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்து காட்டியபோது தெரிந்தது. பெட்டி காலி. பக்கவாதம் வந்ததற்கு முந்தின நாள் அவர் வீட்டிலிருந்து பெரிய பையோடு போனது வான்டாவின் மருமகன் பாஸ்டியன். அவன் பிறந்தது பக்கத்து நகரத்தில்.

வேறென்ன வேண்டும்? மகள் மாகலி அவனைக் கட்டிய நாளிலிருந்தே வான்டாவுக்கு அவன்மேல் ஒரு சந்தேகக் கண். மதுக்கடையில் கூட்டத்தார் முன்னால் நிறுத்திக் கேட்டாள்.

“பையில என்ன இருந்துச்சு மாப்பிள்ளை?”

“அதை மட்டும் கேக்காதீங்க அத்தை.”

“உங்க ஊர்க்காரங்ககிட்ட கொடுத்தாச்சா?”

அவன் தரையைப் பார்த்தான். திருட்டு முழி என்று அவளே தீர்ப்பு எழுதி, மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பார்வை எதிர்ப்பக்க ரசிகர்களை விட்டு நகரவில்லை. பதாகை அங்கே தலைகீழாகத் தொங்கப்போகிறது என்றே காத்திருந்தாள். அப்போது மாகலி ஒரு பையைச் சுமந்து படியேறி வந்து, எல்லோர் முன்னாலும் அவிழ்த்தாள். பதாகை.

“ஃபிர்மேன் இதை என் வீட்டுக்காரர்கிட்டதான் ஒப்படைச்சாரும்மா. எதிரி ஊர்க்காரன் வீட்ல எவன் தேடுவான்னு. வாயைத் திறக்கக் கூடாதுங்கறது உங்க கூட்டத்தோட சட்டம்தானே? நீ அவரை உள்ள விடலை, அதனால இன்னிக்குக் காலையில என்கிட்ட சொல்ல வேண்டியதாப்போச்சு.”

கூட்டம் ஆர்ப்பரித்தது. வான்டாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெளியே ஓடினாள். பாஸ்டியன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

“உள்ள வாங்க மாப்பிள்ளை. தப்பா நெனச்சுட்டேன்.”

“அது இருக்கட்டும் அத்தை. ஆட்டம் முடிஞ்சதும் அதை வேற யாராவது எடுத்துட்டுப் போகட்டும். இனி நான் வெச்சுக்க முடியாது. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே.”

இந்த ஊர் அவனை நம்பிக் கொடுத்தது அது ஒன்றுதான். அதை அவளே பிடுங்கிவிட்டாள்.