துடைத்ததில் போன நிலா

கிட்ட வந்து உட்காருங்கள் செல்லங்களே, வெறும் ஜம்பத்தைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் துடைத்து மாட்டும் பெண் ஒருத்தி அக்கா வீட்டில் இருந்தாள். அக்கா புருஷன் நாலு பேர் மெச்ச ஒரு தொலைநோக்கி வாங்கி மொட்டைமாடியில் நிறுத்தியிருந்தார். அதில் தினமும் வியாழன் கிரகத்தையும் அதன் நான்கு பெரிய நிலாக்களையும் பார்த்து நோட்டில் புள்ளி வைத்தவள் இவள். விருந்தாளிகளிடம் பீற்றிக்கொண்டவர் அவர்.

அன்று பொழுது சாய்ந்ததும் அவர் பார்த்துவிட்டுக் குதித்தார். "மூணுதான் இருக்கு! காலையில துடைச்சியே, ஒரு நிலாவையும் சேத்துத் துடைச்சிட்டியா? இனிமே இதத் தொட்டே, தெரியும் சேதி!"

அவளுக்கென்று இருந்த சந்தோஷம் அந்தத் தொலைநோக்கி ஒன்றுதான். நோட்டைப் புரட்டிப் பார்த்தாள், சிரிப்பு வந்துவிட்டது.

"நிலா என்ன லென்ஸ்லயா ஒட்டியிருக்கு அத்தான்? கிரகத்துக்குப் பின்னாடி போயிருக்கு. அரை மணி பொறுங்க. வரலைன்னா நான் இந்தப் பக்கமே வரல."

அவரா பொறுப்பார்? எல்லாத் திருகையும் திருகி வியாழனையே கூழாக்கினார். அரை மணி ஆனதும் அவள் அதைச் சரிசெய்து அவரைப் பார்க்கச் சொன்னாள். கிரகத்தின் ஓரத்தில் ஒரு பரு போல நான்காவது நிலா முளைத்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா, நான் திருகினதும் வந்திருச்சு!" என்றார் அந்த மகானுபாவர்.

"ஆமா அத்தான். கொஞ்சம் தள்ளுங்க, உங்க தலை மறைச்சா நாலும் போயிடும்" என்று அவள் கண்ணை வைத்தாள். தொடாதே என்றவரே தள்ளி நின்று இடம் விட்டார்.

உங்கள் வீட்டில் பார்க்கத் தெரிந்த கண்கள் பெருகட்டும், ஜம்பம் வாசலோடு திரும்பிப் போகட்டும், கண்மணிகளே.