அக்கரைக்குப் போகிறவர்கள்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொன்ன புண்ணியவான் மழைக்காலத்தில் பனைமேட்டுக்கு வந்து பார்த்திருக்க மாட்டான். வந்திருந்தால், வளைக்கு ஒரு தெப்பமும் வேண்டும் என்று சேர்த்துச் சொல்லியிருப்பான்.

கீழ்க்கட்டளை ஏரிக்குப் பின்பக்கம், வயல்களுக்கு நடுவே முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மேடு அது. இருபது வீடுகள் இருந்தால் அதிகம். எல்லாரும் அண்ணன் தம்பி, பெரியப்பா சித்தப்பா வகையறா. பயிர் வைத்துப் பார்த்துக் கை சுட்டுக்கொண்டு, நிலத்தை மனையாகப் போட்டு விற்க ஆரம்பித்திருந்தார்கள். அப்படி அவர்களில் ஒருவரான துளசிங்கம் விற்ற முதல் மனையை வாங்கி, முதல் வீட்டைக் கட்டி, முதல் வெளியாளாகக் குடிவந்தவன் ஸ்ரீரங்கன். பாரிமுனையில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க். மனை பார்க்க வந்தது சித்திரை மாதம். வெடித்துக் கிடந்த வயலைப் பார்த்து, “நல்ல காத்தோட்டம்” என்று சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டான்.

எண்பத்தைந்தாம் வருஷத்து ஐப்பசி அந்தக் காற்றோட்டத்துக்குப் பதில் சொன்னது. ஏரி நிரம்பி வழிந்து வயலெல்லாம் தண்ணீர். மேடு தீவாகிவிட்டது. துளசிங்கத்திடம் போய் நியாயம் கேட்டதற்கு, “தை பொறந்தா வத்திடும் சார், இதுக்குப் போயி இன்னாத்துக்கு பேஜாராவுற?” என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

அதற்கு அவர்கள் செய்திருந்த ஏற்பாடு ஒரு தெப்பம். காலித் தார் டிரம்களைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்தது. இந்தக் கரைப் பனைமரத்துக்கும் அந்தக் கரைப் பனைமரத்துக்கும் ஒரு வடக்கயிறு. ஏறி நின்று கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகவேண்டியதுதான். தெப்பத்தின் இரண்டு பக்கமும் கட்டிய நீளக் கயிற்றால் எந்தக் கரையில் இருக்கிறவரும் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். இரண்டு பேருக்குமேல் தாங்காது.

ஸ்ரீரங்கனுக்கு அதுகூடப் பழகிவிட்டது. அவன் பெண்டாட்டி லோகநாயகிக்குத்தான் எதுவும் பழகவில்லை. திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனத்தில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஒருத்தி தும்மினால் அடுத்த போர்ஷனிலிருந்து “நூறு வயசு” என்று குரல் வரும். இங்கே தும்மினால் தவளைதான் பதில் சொன்னது. அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போவாள், கொல்லைக் கதவுக்குப் போவாள், அடுக்கின பாத்திரத்தையே இறக்கி மறுபடி அடுக்குவாள். ரேடியோவைப் போடுவாள், பாட்டு முடிவதற்குள் அணைப்பாள்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை என்பதுதான் அவளை அரித்தது. கிரகப்பிரவேசத்துக்கு மேடே திரண்டு வந்தது. துளசிங்கத்தின் மனைவி தாயாரம்மாள்தான் அன்றைக்குப் பால் காய்ச்ச அடுப்பு மூட்டிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள் மடி நிறைய முருங்கைக்காய் கொண்டு வந்து கொட்டினாள். கொலுவுக்குக் கூப்பிட்டபோதும் அத்தனை பேரும் வந்து சுண்டல் வாங்கிக்கொண்டு, பொம்மைகளுக்குக் குற்றம் குறை சொல்லிவிட்டுப் போனார்கள். மழை பிடித்துத் தண்ணீர் சூழ்ந்த பிறகுதான் முகங்கள் மாறின. அடிபம்பில் இவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றது. கேட்டதற்குப் பதில் வந்தது, அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. தான் என்ன தப்புச் செய்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தால் காலில் விழுந்தாவது சரி செய்துகொள்ளலாம்.

காலையில் அவள் ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். அக்கரைக்குக் கிளம்புகிறவர்கள், ஆணோ பெண்ணோ, தெருவின் கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று ஏதோ பேசிவிட்டுத்தான் தெப்பத்துக்குப் போவார்கள். இவள் வீடு வந்தால் மட்டும் நடையை எட்டிப் போடுவார்கள். அதே தெருவில் ஸ்ரீரங்கன் பேண்ட்டை முழங்கால்வரை மடித்து, ஷூவைக் கையில் பிடித்து, கடன்காரனுக்குப் பயந்தவன்போல் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று போய்த் தெப்பத்தில் ஏறுவான். இருட்டும் நேரத்துக்கு, தன் வீட்டுக்கு வேண்டிய காப்பிப்பொடியோ மெழுகுவர்த்தியோ பையில் போட்டுக்கொண்டு அதே வேகத்தில் திரும்பி வருவான். வாசல்களில் நிற்கிறவர்கள் அவனையே பார்ப்பார்கள்.

“வழுக்கி விழுவேனான்னு பாக்கறாங்க” என்றான் அவன்.

“யாரும் நம்மகிட்டப் பேசறதில்லைங்க.”

“நல்லதுதானே? நாம யார் வம்புக்கும் போகல, அவங்களும் வரல. இதுதான் டீசன்ட்.”

ஒரு நாள் கூரை ஒழுகித் தீப்பெட்டியெல்லாம் நமத்துப் போனது. கங்கையம்மாளிடம் போய்க் கேட்டாள். கங்கையம்மாள் உள்ளே போய் ஒரு பெட்டி எடுத்து வந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, “உன் வூட்டுக்காரர்தான் தெனம் போய்க்கினு வந்துகினு கீறாரே” என்றாள். அவ்வளவுதான். அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. லோகநாயகி அந்தத் தீப்பெட்டியால் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அன்றைக்கு இருவருக்கும் அவல்தான்.

“நான் அம்மா வீட்டுக்குப் போறேன்” என்றாள் சாப்பிடும்போது. “தை மாசத்துக்குள்ள டவுன்ல வாடகைக்கு வீடு பாருங்க. பாத்தா வர்றேன். இல்லைன்னா நீங்களும் உங்க காத்தோட்டமும் இங்கேயே இருங்க.”

ஸ்ரீரங்கனுக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். அவள் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை அவனேதான் தபாலில் போட்டான். நாலு நாள் கழித்து, அவள் கிளம்புகிற அன்றைக்கு விடிந்ததும், “போகணும்னா போ” என்று ஷூவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவள் பையில் நாலு புடவையைத் திணித்தாள். வீட்டுக்கு ஒரே சாவி. கங்கையம்மாளிடம் கொடுக்க மனம் வரவில்லை. தெப்பத்துறைக்குப் பக்கத்தில் இருக்கிற தாயாரம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நடந்தாள். தாயாரம்மாள் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அவர் வந்தா இந்தச் சாவியக் கொடுத்துடுங்க. நான் டவுனுக்குப் போறேன்.”

தாயாரம்மாள் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்தாள். லோகநாயகி திரும்பினாள். சொல்லாமல் கொள்ளாமல் போகிறவள் என்று பேர் வேண்டாமே என்று நினைத்து, ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்டாள்: “உங்களுக்கு ஏதாவது வாங்கணுமா?”

திருவல்லிக்கேணியில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். “ஒண்ணும் வேணாம், நீ போயிட்டு வா” என்பார்கள். கேட்கிறவளுக்கும் தெரியும், சொல்கிறவளுக்கும் தெரியும். தாயாரம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“கேட்டியா! இப்பவாச்சும் கேட்டியே, மவராசி!” என்று எழுந்தவள், தெருப்பக்கம் திரும்பி, “அடியே கங்கா! லோகா அக்கரைக்குப் போவுதாம்! இன்னா வேணும்னு கேக்குது!” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

கதவுகள் திறந்தன. ஒருத்தி கிரசின் கேனோடு வந்தாள். ஒருத்தி தையல்காரரிடம் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டுக்கு அடையாளம் சொன்னாள். வெற்றிலைக்கு ஒருத்தி, தபாலில் போட ஒரு கடிதத்தோடு ஒருத்தி. லோகநாயகி மூட்டை தூக்குகிறவள்போல் நின்றாள்.

“எனக்கு ஒண்ணும் புரியலக்கா” என்றாள்.

“புரியறதுக்கு இன்னா கீது? தெப்பம் இருக்கறது ஒண்ணு. ஊரே தெனம் போயி வர முடியுமா? அதான் போறவங்க ஒவ்வொரு வூட்டு வாசல்லியும் நின்னு, இன்னா வேணும்னு கேட்டுக்கினு போவோம். எங்க மாமியார் காலத்துலேந்து அப்படித்தான். உன் வூட்டுக்காரர் தெனம் போறாரு. ஒரு நாளு, ஒரு வாசல்ல நின்னாரா? பொழுதுக்கும் தன் வூட்டுப் பையத் தூக்கிக்கினு வர்றாரு. நாங்க இன்னா நெனைக்கறது? சர்தான், பேண்ட்டு போட்டவங்களுக்கு நாம ஆளு இல்ல போலன்னு வுட்டுட்டோம்.”

லோகநாயகிக்குக் காது சூடாகிவிட்டது. “ஒரு வார்த்தை நீங்க கேட்டிருக்கலாமே. அவர் மாட்டேன்னா சொல்வார்?”

“நாங்க எப்டி கேக்கறது? போறவங்க வந்து கேட்டா அது மொற. நாங்களா போயி நின்னா அது பிச்ச.”

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் இருந்தும் அதைத் திறக்கத் தெரியாத ஒருவனைக் கட்டிக்கொண்டு இத்தனை நாள் வெந்தோமே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் கையில் பை இருந்தது. அம்மாவுக்குக் கடிதம் போட்டாயிற்று. தம்பி எழும்பூர் ஸ்டேஷனில் நிற்பான். நான் திரும்பி வரப்போவதில்லை என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது? சொல்ல வாயெடுத்தபோதுதான் கங்கையம்மாள் வந்து சேர்ந்தாள். முகத்தைப் பார்க்காமல் ஒரு காலி மருந்து பாட்டிலை நீட்டினாள்.

“அவருக்கு ராவெல்லாம் இழுப்பு. இது தீந்துபோச்சு. இதே மருந்து. மத்தியானத்துக்குள்ள வந்துடுவியாமா?”

லோகநாயகி தலையை ஆட்டிவிட்டாள்.

தெப்பத்தில் ஏறியதும் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் என்றாலே அவளுக்குப் பயம். “கீழ பாக்காத! கயித்தப் பாரு, வலி!” என்று கரையிலிருந்து தாயாரம்மாள் கத்திக்கொண்டே இருந்தாள். உள்ளங்கை தோல் உரிய இழுத்து அக்கரை சேர்ந்தாள்.

கீழ்க்கட்டளைக் கடைத்தெருவில் எல்லாவற்றையும் வாங்கினாள். தையல்காரர் ஜாக்கெட்டுக்குக் காஜா கட்டாமல் வைத்திருந்தார், அங்கே ஒரு சண்டை. அதற்குள் அவள் மூளை ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. சாமானையெல்லாம் மளிகைக் கடையில் வைத்துவிடுவது. சாயங்காலம் ஸ்ரீரங்கன் எடுத்துப் போகட்டும், அவனுக்கும் புத்தி வரட்டும். அவன் வழக்கமாகச் சாமான் வாங்குகிற கடைதான், கடைக்காரர் சரி என்றார். மருந்து பாட்டிலையும் அந்தச் சாமானோடு வைத்துவிட்டு, பரங்கிமலை போகிற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாளே ஒழிய உட்கார முடியவில்லை. சாயங்காலம் வரை அந்த மனுஷன் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருப்பார். கங்கையம்மாள் கரையில் வந்து வந்து பார்ப்பாள். எக்கேடு கெட்டால் எனக்கென்ன, ஒரு தீப்பெட்டிக்குச் சொல்லிக் காட்டினவள்தானே என்று நினைத்துப் பார்த்தாள். அந்த நினைப்பு ஒட்டவில்லை. பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருக்கும். “எங்கேம்மா?” என்று கண்டக்டர் வந்து நின்றார்.

“நிறுத்துங்க. இறங்கணும்.”

“ஏம்மா, ஏறும்போது தெரியாதா?” என்று விசிலை ஊதி இறக்கிவிட்டார். இன்னும் என்னென்னவோ சொன்னார். அவள் கேட்கவில்லை. தூறலில் கடைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். இறங்கினதற்குத் தன்னையும், இறங்க வைத்ததற்குக் கங்கையம்மாளையும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஸ்ரீரங்கனையும் திட்டிக்கொண்டே வந்தாள்.

தெப்பம் இக்கரைக்கு வந்தபோது கங்கையம்மாள் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். மற்றவர்கள் அவரவர் சாமானைப் பிரித்தெடுத்தார்கள். வெற்றிலை வாடிவிட்டது என்று ஒருத்தி நொடித்தாள். காஜா கட்டாத ஜாக்கெட்டுக்காரி, “நீ பாத்து வாங்கக் கூடாதாமா?” என்று சண்டைக்கே வந்துவிட்டாள். லோகநாயகியும் சளைக்காமல் பதில் சொன்னாள். இரண்டு பேரும் குரல் உயர்த்தியபோது அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அம்மாவுக்கு என்ன சொல்வது என்ற கவலையும் கூடவே இருந்தது. தாயாரம்மாளிடம் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஸ்ரீரங்கன் இருட்டின பிறகு வந்தான். தெப்பத்திலிருந்து இறங்கினவனைத் தன் வாசலில் நிறுத்தித் தாயாரம்மாள் என்ன பாடு படுத்தினாளோ, வீட்டுக்குள் வந்தபோது அவன் முகம் தொங்கிப் போயிருந்தது. விளக்கு எரிவதையும் பெண்டாட்டி அடுப்படியில் நிற்பதையும் பார்த்துவிட்டு வாசல்படியிலேயே நின்றான்.

“நாளைக்கு ஒவ்வொரு வாசல்லயும் நின்னு கேட்டுட்டுப் போகணும்” என்றாள்.

“எனக்கு அதெல்லாம் வராது லோகா. என்னன்னு ஆரம்பிக்கறது?”

“வரலேன்னா நான் போறேன். திரும்பி வரணுமான்னு பஸ்ல உக்காந்து யோசிச்சுக்கறேன்.”

அவன் ஷூவைக் கீழே வைத்தான். “சரி” என்றான். வேறு வழி?

அப்போது வாசலில் குரல் கேட்டது. கங்கையம்மாள். உள்ளே வரவில்லை, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலிலேயே நின்றாள்.

“அவரு இப்ப தூங்கறாரு” என்றாள். பிறகு, “நாளைக்கு எங்க கொழுந்தன் போவுது. உனக்கு இன்னா வேணும்?” என்றாள்.

“ஒண்ணும்” என்று வழக்கம்போல் வாய் ஆரம்பித்துவிட்டது. லோகநாயகி அதை அங்கேயே மென்று விழுங்கினாள். அடுக்களையை மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எல்லாம் இருந்தது.

“கால் கிலோ புளி” என்றாள். “கொட்டை எடுத்ததா பாத்து வாங்கச் சொல்லுங்கக்கா.”

“வாங்கியாரச் சொல்றேன்” என்று கங்கையம்மாள் போனாள்.

“புளி டப்பா நிறைய இருக்கே?” என்றான் ஸ்ரீரங்கன் உள்ளேயிருந்து.

“வாயை மூடுங்க” என்று லோகநாயகி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.