காவலுக்கு ஒன்று, மடிக்கு ஒன்று

1

இக்கதை ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. கேட்டவர் என் கணவர். கப்பலில் எஞ்சினியர், விடுப்பில் வந்திருக்கிறார். காலையில் பல் துலக்கிக்கொண்டே, "ஷெப்பர்டா, பக் நாயா? சீக்கிரம் ஒண்ணைச் சொல்லும்மா" என்றார். நாய் வாங்குவதென்று முடிவாகிவிட்டது. எந்த நாய் என்பதுதான் பாக்கி. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதவற்றை எழுதிப் பார்ப்பது என் வழக்கம்.

முதல் வரைவு, 'இக்கதையின் நாயகி நான் அல்லேன்' என்று தொடங்கியது. அது இலக்கணப்படி சரி. வேறு எந்தப்படியும் சரியில்லை என்பதால் நீக்கிவிட்டேன்.

2

அடுத்த தொடக்கம் இது:

அவன் கடலுக்குப் போகும்போதெல்லாம் அவள், அலை திரும்பிய கரையைப்போல—

[கடல், கரை, அலை ஆகியவற்றை உவமையாக்கும் வாக்கியங்கள் யாவும் நீக்கப்பட்டன. அவர் கடலைப் பார்ப்பதே அரிது. வேலை கப்பலின் அடியில், எஞ்சின் அறையில்.]

ஆகவே வீட்டிலிருந்து தொடங்குகிறேன். மூன்றாம் மாடி. வாசற்கதவுக்கு வெளியே அவருடைய பழைய பூட்ஸ் இருக்கும். அவர் இல்லாத மாதங்களிலும் இருக்கும். வருகிறவர்கள் உள்ளே ஓர் ஆண் இருப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. அவற்றை அவ்வப்போது தூசி தட்டி, சற்றே இடம் மாற்றி வைப்பது என் பொறுப்பு. இப்போதுதான் கழற்றியதுபோலத் தெரிய வேண்டுமல்லவா?

இந்த ஏற்பாட்டில் ஏமாந்தவர் எவரேனும் உண்டா என்று தெரியாது. ஒருவரை மட்டும் தெரியும். சில மாலைகளில், பாடநூல் செப்பனிடும் என் அலுவலகத்திலிருந்து களைத்து வந்து, பூட்ஸைப் பார்த்துவிட்டு, சாவி கைப்பையில் இருக்க, நானே அழைப்பு மணியை அழுத்தியிருக்கிறேன்.

(ஒருமுறை, கதவு திறக்கட்டும் என்று நின்றும் இருக்கிறேன். எவ்வளவு நேரம் என்பது கதைக்குத் தேவையில்லை.)

3

ஷெப்பர்டு அவருடைய விருப்பம்.

"அது ஒண்ணு வீட்டுல இருந்தா ஒரு பய வாசல்ல நிக்க மாட்டான். நானும் நிம்மதியா கப்பல் ஏறுவேன்."

"எனக்கு பக் போதுங்க."

"அதுவா? திருடன் வந்தா வாலை ஆட்டிக்கிட்டே பீரோ இருக்கிற இடத்தைக் காட்டும். மூஞ்சி வேற, யாரோ கதவுல வச்சு நசுக்கின மாதிரி. ராத்திரியெல்லாம் குறட்டை விடும், தெரியுமா?"

"விடட்டும். இந்த வீட்டுல குறட்டைச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனித்ததாக எழுதலாம். கவனித்தாரா என்பது எனக்குத் தெரியாது.

வாசகருக்கு ஒன்றை இங்கேயே தெளிவாக்கிவிடுவது நேர்மை. ஷெப்பர்டு வந்தால் வீட்டுக்குக் காவல் ஏற்பட்டுவிடும். அவர் அடுத்த பயணத்துக்கு ஒப்புக்கொள்ளலாம். பக் எதையும் காக்காது. வெயில் தாங்காது, படியேறினால் மூச்சிரைக்கும், முகத்தின் மடிப்புகளை நாள்தோறும் துடைத்துவிட வேண்டும். அதைக் காக்கவே ஆள் வேண்டும். இதே ஊரில் ஒரு தொழிற்சாலையில், கொதிகலன்களைக் கவனிக்கும் வேலை அவருக்காகக் காத்திருக்கிறது. அதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

'போகாதீர்கள்' என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இம்முறையும் சொல்லவில்லை. பக் என்றேன்.

4

போன ஞாயிற்றுக்கிழமை நாய் வளர்ப்பவர் ஒருவரின் வீட்டுக்குப் போனோம். பின்புறத்தில் கம்பிவலைத் தடுப்புகள். ஒன்றில் ஷெப்பர்டு குட்டிகள், மற்றொன்றில் பக் குட்டிகள். ஷெப்பர்டு குட்டி ஒன்று, தன் உடம்புக்குப் பெரிதான பாதங்களுடன் எங்களை வந்து ஆராய்ந்தது. காதுகளில் ஒன்றுதான் நிமிர்ந்திருந்தது. அழகாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வளர்ப்பவர் வியாபாரத்தில் அவசரப்படாதவர்.

"முதல்லயே சொல்லிடறேன் சார். ஷெப்பர்டு வீட்டுல எல்லார்கிட்டயும் பழகும். ஆனா ஒருத்தரைத்தான் தன் ஆளுன்னு வச்சுக்கும். அந்த ஆளு ஊருக்குப் போனா தட்டை மோந்துகூடப் பாக்காது. வாசலையே பாத்துட்டுக் கிடக்கும். பாக்கவே பாவமா இருக்கும். உங்க வீட்டுல அந்த ஆளு யாரு?"

நான் கணவரைக் காட்டினேன். அதே நொடியில் அவர் என்னைக் காட்டினார்.

வளர்ப்பவர் சிரித்துவிட்டார். "நல்ல ஜோடிதான் போங்க! வீட்டுல உக்காந்து பேசி முடிச்சுட்டு வாங்கக்கா. குட்டி எங்கயும் ஓடிப்போயிடாது."

பேசவில்லை. வழியெல்லாம் அவர் வண்டியின் எஞ்சினில் ஏதோ சத்தம் கேட்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குக் கேட்கவில்லை.

5

முடிவுகள்.

எனக்குத் தெரியாமல் அவர் பக் குட்டிக்குச் சொல்லிவைக்கிறார். அவருக்குத் தெரியாமல் நான் ஷெப்பர்டுக்கு. இரண்டும் ஒரே நாளில் வீடு வந்து சேர்கின்றன. நேர்த்தியான முடிவு. அவ்வளவு நேர்த்தியாக எங்கள் வீட்டில் அலமாரிக் கதவுகூட மூடுவதில்லை.

அல்லது: அவர் போய்விடுகிறார். ஷெப்பர்டு பூட்ஸின்மேல் முகவாயை வைத்துப் படுத்திருக்கிறது. அவள் அதன் அருகில் அமர்ந்து—

[எழுதும்போது கண் கலங்கியது. எனவே நீக்கப்பட்டது.]

அல்லது நாயே வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்வது. இதை எழுதவே கை வரவில்லை. வாசலில் ஏதோ ஓர் உயிர் ஓடிவந்து வரவேற்க வேண்டும் என்ற ஆசை இருவருக்கும் பொது. யாரை வரவேற்க என்பதில்தான் வேறுபாடு.

6

ஒன்றுமுதல் ஐந்துவரை அவரிடம் கொடுத்துவிட்டேன். சமையலறையில் படித்துக்கொண்டிருக்கிறார், நான் அடுத்த அறையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சிரிப்புக் கேட்டது. பீரோ பற்றிய நகைச்சுவைக்காக இருக்கும். தாம் சொன்னதற்குத் தாமே சிரிப்பவர்.

பிறகு அங்கிருந்தே குரல்: "ஏம்மா, நிஜமாவே பெல் அடிச்சியா?"

"கதைன்னா கொஞ்சம் சேக்கத்தான் செய்வாங்க."

தாள்கள் பின்னோக்கிப் புரளும் ஓசை கேட்டது.

இப்போது வந்து நிற்கிறார்.

"இதுல ஒரு தப்பு இருக்கு, வாத்தியாரம்மா."

என் எழுத்தில் தப்பு என்று எவரும் சொல்வதில்லை. "எங்க?"

"நாலாவதுல. நான் உன்னைக் காட்டலியே. கையைத் தூக்கினேன், நான்தான்னு. நீ அந்தப் பக்கமா நின்னுட்டே."

அந்தக் கையை மறுபடியும் பார்க்க முயல்கிறேன். நீட்டிய கையா, உயர்த்திய கையா? நினைவு இரண்டுக்கும் தலையாட்டுகிறது. நான்காம் பகுதியைத் திருத்திவிடலாம். திருத்தினால் ஐந்தாம் பகுதி நிற்காது.

"அப்போ கப்பல்?" என்கிறேன்.

தாள்களை மேசைமேல் வைக்கிறார். எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறார். தொண்டையைச் செருமுகிறார்.

வாசகரே, எழுதிக்கொண்டே கேட்கக்கூடிய பதிலன்று இது. பேனாவை மூடுகிறேன்.