பல் டாக்டரின் தொப்பியை அழுக்காக்கிய கதை

1

கிட்ட வாங்க கண்ணுகளா. முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொப்பிக் கதை சொல்லப்போகிறேன். முழுசாகச் சொல்வேன் என்று மட்டும் சத்தியம் கேட்காதீர்கள்.

கதை கிடைத்த இடத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: பஸ்ஸில். உச்சி வெயில். முன் இருக்கையில் ஒருவர் தடித்த ஃபெல்ட் தொப்பி போட்டு, காதோரம் வேர்வை ஒழுக, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி. அவள் மடியில் வட்டப் பெட்டியில் இன்னொரு தொப்பி. அவளுடைய கைப்பை தரையில், எல்லார் காலிலும் மிதிபட்டுக் கிடந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்தால் எழுத உட்கார்ந்துவிடுவேன். மற்றதெல்லாம் நானாகக் கட்டிவிட்டது.

2

முதல் தொடக்கம்: "முயல்முடியை ஆவியில் அமுக்கி உருவாக்கிய அந்தத் தொப்பி, ஒரு யுகத்தின் மௌனத்தைச் சுமந்தபடி..."

(வேண்டாம். தொப்பி எதையும் சுமக்காது. அதைத்தான் நாம் சுமக்கிறோம்.)

இரண்டாம் தொடக்கம்: "அவர் ஒரு கலைஞர்."

(மனசு இடம் கொடுக்கவில்லை.)

மூன்றாவது: லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் முப்பத்தோரு பழைய ஃபெல்ட் தொப்பிகள் இருந்தன. தலை ஒன்றுதான்.

இது நிற்கும். மேலே போகலாம். துணி அலமாரியில் பதினாறு, புத்தக அடுக்கில் எட்டு, சமையலறைப் பரணில் ஏழு. பரணில் இருந்த பெரிய பாத்திரங்கள் கட்டிலுக்கு அடியில் குடிபோயின.*

* மனைவியின் துணிமணி எங்கே என்று கேட்பவர்களுக்கு: நாற்காலி முதுகில்.

3

இரண்டு தெரு தள்ளி ஒரு பல் டாக்டர் இருந்தார். காலமாகிவிட்டார். விட்டுப்போனது ஏழு தொப்பிகள். அவர் மனைவி டாக்டரம்மா, ஒன்றை மட்டும் எடுத்து நம் ஆளிடம் நீட்டினார்.

"இதை நல்லாப் பண்ணிக் கொண்டு வாங்க. எனக்குப் பிடிச்சிருந்தா மிச்ச ஆறையும் எடுத்துக்கங்க. இல்லேன்னா பழைய சாமான்காரன் எடுத்துட்டுப் போகட்டும்."

ஆறு தொப்பிகள்! மனுஷருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாம்பல் நிறத் தொப்பி. உள்ளே நெற்றியில் படும் தோல்பட்டை எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. சுருட்டு நாற்றம் வேறு. கெட்டில் ஆவியில் காட்டினார். மெத்தென்ற பிரஷ்ஷால் ஒரே போக்கில் வாரினார். கறையில் சோளமாவு தூவி ஊறவிட்டார். ரொட்டியைப் பிய்த்து உருட்டி உருட்டி அழுக்கை ஒற்றியெடுத்தார்.

"காலையில வாங்கின ரொட்டி எங்கேங்க?"

"தொப்பிக்குப் போயிடுச்சு."

"அப்ப டிபனுக்குத் தொப்பியைத் தட்டுல வைக்கிறேன். மென்னு முழுங்குங்க."

நாலு நாளில் தொப்பி நேற்றுச் செய்ததுபோல் ஆனது. ஈரக்கையைத் துடைத்தபடி மனைவியே ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதற்குமேல் அவள் யாரையும் புகழ்ந்ததில்லை, கல்யாணத்தன்றைக்குக்கூட.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். தொப்பிச் சங்கம் என்று ஒன்று இருந்து தொலைத்ததே!

4

சங்கத்தில் ஐந்து பேர். நாலு பேர் நிர்வாகிகள். நம் ஆள்தான் பொதுமக்கள். தொப்பியைக் காட்டிப் பெருமைப்படக் கொண்டுபோனார்.

தலைவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "அடப்பாவி, ஆளையே கழுவி ஊத்திட்டியேய்யா! கறைதான்யா சரித்திரம். அந்தம்மா பார்த்துட்டு எம்புருஷன் எங்கேன்னு அழப்போகுது. ஆறும் போச்சு, போ."

(தலைவரைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவருக்கும் அந்த ஆறின்மேல் ஒரு கண் என்று அதில் இருந்தது. உங்களுக்கா தெரியாது?)

5

இங்கே எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வயசான ஒரு மனுஷர் இப்படிச் செய்வாரா? எழுதிப் பார்த்தேன். செய்தார்.

தலை நிறைய எண்ணெயைக் கொட்டிக்கொண்டார். தொப்பியை அழுத்தி மாட்டினார். நாலு மாடியை ஏறி இறங்கினார். கட்டடத்தில் லிஃப்ட் உண்டு, ஆனால் லிஃப்டில் போனால் வேர்க்காது. பதினோரு தடவை. மூன்றாம் மாடிக்காரர் கதவைத் திறந்து கேட்டார்:

"என்ன சார், டாக்டர் நடக்கச் சொன்னாரா?"

"ஆமா, பல் டாக்டர்."

பிறகு ஒரு சுருட்டைப் பற்றவைத்து, கண்ணில் தண்ணீர் வர இருமி, தொப்பிக்குள் புகையை ஊதினார்.

"நாலு நாளா அழுக்கெடுத்தீங்க, இன்னிக்கு அழுக்கு போடறீங்க" என்றாள் மனைவி. "நாளைக்கு என்னங்க, அதைத் திரும்ப முயலாக்கப் போறீங்களா?"

"உனக்குப் புரியாது. இது சரித்திரம்."

"சரித்திரம் கொல்லுது. ஜன்னலைத் திறங்க."

6

மறுநாள் மத்தியானம் இருவரும் போனார்கள். டாக்டரம்மா தொப்பியை வாங்கினார். மூக்குக்குப் பக்கம் கொண்டுபோனார். செத்த எலியைப் பிடிப்பதுபோல் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார்.

"முப்பத்தெட்டு வருஷம். ஒண்ணு நாத்தத்தைத் தொலைங்க, இல்லே தொப்பியைத் தொலைங்கன்னு கத்தினேன். கேக்கலை. அவர் போயும் இது போகலை பாருங்க. ஒரு தடவையாவது சுத்தமாப் பார்த்துடணும்னுதானே உங்ககிட்ட குடுத்தேன்?"

"சுத்தமாத்தாங்க இருந்துச்சு. நான்தான் அப்புறம்..."

(அந்த வாக்கியத்தை அவராலும் முடிக்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.)

"சுத்தமா இருந்ததை எவனாவது அழுக்காக்குவானா?" டாக்டரம்மா மனைவி பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. உன் வீட்டுக்காரர் நிஜமாவே இதைச் சுத்தம் பண்ணினாரா? நீ சொன்னா நம்பறேன். ஆறையும் இப்பவே தர்றேன்."

7

இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. இவ்வளவு நேரம் தப்பான ஆளின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்தப் பெண் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இருபத்தொன்பது வருஷம் கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருக்கிறாள். ஆமாம் என்றால் ஆறு பெட்டியும் வீட்டுக்கு வரும். கட்டிலில் அவள் படுக்கும் பக்கம் ஒன்றுதான் இன்னும் காலி. இல்லை என்றால் தொல்லை விட்டது. ஆனால் நெற்றியில் எண்ணெய் வழிய ஒருவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த நாலு நாள் வேலை நிஜம். அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். சங்கத் தலைவர் பார்த்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எழுதிப் பார்த்தேன்.

அ. "நிஜம்தாம்மா." ஆறும் வந்தன. அவள் நாற்காலியில் தூங்கினாள். எனக்கே பொறுக்கவில்லை, கிழித்தேன்.

ஆ. "தெரியலைம்மா, நான் வேலைக்குப் போயிருந்தேன்." வீடு தப்பியது. திரும்பும் வழியெல்லாம் அவர் தொப்பியைத் தலையில் வைக்கவில்லை, கையில் பிடித்துக்கொண்டே நடந்தார். கிழித்தேன்.

இ. "நிஜம். ஆனா ஆறும் வேண்டாம்." நன்றாக இருக்கிறது, இல்லையா? அது என் பதில், அவளுடையது இல்லை. கிழித்தேன்.

டாக்டரம்மா காத்திருக்கிறார். இவள் வாயைத் திறந்துவிட்டாள். நான் பேனாவை மூடிவிட்டேன். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள், மனசுக்குள் இல்லை, உங்களோடு ஒரே கூரையின்கீழ் இருப்பவர் காதில் விழும்படி. அவர் பதிலுக்கு என்ன சொல்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போய் வாங்க கண்ணுகளா. உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும். மனுஷர் கால் நீட்ட இடமும் மிச்சமிருக்கட்டும்.