பார்க்கலாம் பாலம்

ரயில் பாதைக்கு மேலே இருக்கும் நடைபாலத்தை எங்கள் ஊரில் எல்லாரும் பார்க்கலாம், யாராலும் ஏற முடியாது. போன தேர்தலுக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து பாலம் கேட்டார், வார்டு உறுப்பினர் "பார்க்கலாம்" என்றார், மறுநாள் காலையில் பாலம் தெரிந்தது. பச்சைக் கைப்பிடி, சிமெண்டுப் படி, விளக்குக் கம்பம், ஒரு குறையும் இல்லை. காலை வைத்தால்தான் கால் நேரே தரைக்குப் போய்விடும். அதே வாயால் நூலகத்துக்கும் பேருந்து நிலையக் கழிப்பறைக்கும் அவர் பார்க்கலாம் சொன்னதில் அவையும் வந்து நின்றன. நூலகத்துக்கு எதிரே வீட்டு வாடகை கூடியது. கழிப்பறையை நம்பி அவசரமாக ஓடியவர்கள் அவரைத் திட்டாத திட்டு இல்லை. அவரையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் துணிந்து வாக்குக் கொடுத்த மனிதர்தான். "வீட்டுக்கு வீடு தண்ணி வரும்" என்றார். அந்த மழைக்காலத்தில் வீட்டுக்கு வீடு கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. சூடு கண்ட பூனை, அதன்பிறகு வேறு சொல்லைத் தொடவில்லை. நாங்களும் அவருக்குப் பார்க்கலாம்காரர் என்று பெயர் வைத்துவிட்டு அடுத்த முறையும் அவருக்கே ஓட்டுப் போட்டோம். எங்களைச் சொல்ல வேண்டும்.

பாதைக்கு அந்தப் பக்கம் தையல் கம்பெனி. மணி அடித்துவிட்டால் வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள், பிறகு கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள். சரக்கு ரயிலோ பாதி நாள் குறுக்கே நிற்கும். அதனால் சட்டைக்குக் காலர் வைக்கும் பெண்கள் எல்லாரும் பெட்டிகளுக்கு அடியில் குனிந்து தவழ்ந்துதான் போய் வந்தார்கள். ஒருநாள் அவர்களில் ஒருத்தி அடியில் இருக்கும்போதே ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. உருண்டு வெளியே விழுந்துவிட்டாள். வேலையை முடித்து வீட்டுக்கு வந்து, ஒன்றுமே ஆகாதது போல அடுப்பைப் பற்றவைத்தாள். கல்லூரியிலிருந்து வந்த மகள் வாசலில் ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள். துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது.

"நாளைக்கும் அப்படித்தான் போவியா?"

"பின்ன என்ன, பறந்தா போக முடியும்?"

மகளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுது முடித்து முகத்தைக் கழுவியபோது, அம்மா இனிமேல் அந்த ரயிலுக்கு அடியில் குனியக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். அந்தப் பெண் ஒன்றை நினைத்தால் விடாக்கண்டி.

அந்த வாரம்தான் பள்ளிக்கூட மண்டபத்தில் வேட்பாளர்களை ஒரே மேடையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் கூட்டம். போய்ப் பார்த்து மனதில் பட்டதை எழுதிவரும்படி கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். கூட வந்த பிள்ளைகள் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து, கூட்டம் தொடங்குமுன்பே 'மிகச் சிறப்பாக இருந்தது' என்று எழுதிவிட்டார்கள். இவள் எழுதவில்லை, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்கக் கேட்க அவள் மனதில் பட்டது வேறு. இங்கே யாரும் பொய் சொல்வதில்லை. சொன்னது சொன்னபடியே ஆகிறது. நமக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

பாலத்தைப் பற்றி முதலில் பேசியவர் எதிர்த்து நின்ற காண்டிராக்டர். நெஞ்சைத் தட்டி, "என்னை ஜெயிக்க வைங்க, பாலம் நடக்கும்!" என்றார். வெளியே தொம் தொம் என்று சத்தம். எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினோம். பாலம் இரண்டு எட்டு நடந்து, தையல் கம்பெனி வாசலில் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தது. அவர் மறுபடி வாயைத் திறக்கப் போனார். "ஐயோ அண்ணே, போதும்!" என்று கத்திக்கொண்டே அந்தப் பெண் மைக்கைப் பிடித்தாள். இன்னும் நாலு எட்டு வைத்தால் பாலம் ஊரைவிட்டே போய்விடும் என்பது அவளுக்குத் தெரிந்தது. பார்க்கலாம்காரரைப் பார்த்து நின்றாள்.

"ஐயா, அந்தப் பாலத்தப் பத்திக் கேக்கணும்."

"பார்க்கலாம்மா."

"பார்த்தாச்சுங்க. எங்க அம்மாவும் தினம் பார்த்துக்கிட்டேதான் ரயிலுக்கு அடியில போறாங்க. பார்க்கலாம் வேண்டாம். ஒரே வார்த்தை சொல்லுங்க. நடக்குமா, நடக்காதா?"

மனிதர் வியர்த்துப் போனார். நடக்கும் என்றால் என்ன ஆகும் என்று இப்போதுதான் பார்த்திருக்கிறார். நடக்காது என்றால் தையல்காரிகள் ஓட்டு அத்தனையும் போச்சு. துண்டால் கழுத்தைத் துடைத்தார், தண்ணீர் குடித்தார், கூரையைப் பார்த்தார். பிறகு இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து கிடைத்த சந்தோஷத்தில் சொன்னார்:

"நடக்கலாம்."

"நன்றிங்க ஐயா" என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். அவள் எதற்குக் காத்திருந்தாள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மேற்கொண்டு எவராவது எதையாவது கேட்பதற்குள் அவர், "கூட்டம் முடிஞ்சுது, எல்லாரும் போகலாம்" என்று எழுந்துவிட்டார். பேருந்து நிலையக் கழிப்பறையும் அன்றைக்கே சரியாகிவிட்டது.

சாயங்காலம் கம்பெனி விட்டபோது சரக்கு ரயில் வழக்கம்போலக் குறுக்கே நின்றது. தையல்காரி பழக்க தோஷத்தில் குனியப் போனாள். "அம்மா, மேல பாரு!" என்று ஒரு குரல். மகள் நடுப்பாலத்தில் நின்று இரண்டு காலாலும் திம்திம் என்று மிதித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தாய் கைப்பிடியைப் பிடித்தாள், கைக்கு அகப்பட்டது. ஒவ்வொரு படியாக, பாலத்தை நம்பாமல் மகளை நம்பி ஏறினாள். நடுவில் வந்ததும் எட்டிப் பார்த்தாள். இரண்டு பெட்டிகளுக்கு இடையே தண்டவாளத்தின் ஓரம் ஏதோ தெரிந்தது.

"என் செருப்புடி அது."

"கிடக்கட்டும். நீ வாம்மா."

தேர்தலில் பார்க்கலாம்காரர்தான் ஜெயித்தார். பாலம் இன்றைக்கும் இரண்டு எட்டுத் தள்ளித்தான் நிற்கிறது, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பெண் அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்கிறாள். நூலகம் அப்படியேதான் இருக்கிறது, அவர் வாயிலிருந்து 'படிக்கலாம்' வர வேண்டும்.